பீவி போட்ட பால் முறை

மலாய் நாட்டுக் காஜா பெராங் பேட்டையில் பீவியோடு வாதாடி ஜெயித்தவர் என்று ஒருவரும் இல்லை. ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் இரண்டொருவர் உண்டு. அவர்களும் அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுதான் அதைச் சொன்னார்கள். ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற பருமன், இரண்டையும் மிஞ்சிய குரல். ஜப்பான் சண்டைக்கு முன்னால் காலைதோறும் இடியாப்பம் பிழிந்து, கூடையில் அடுக்கி, அங்கத்துப் பேரில் ‘புட்டு மாயம், புட்டு மாயம்’ என்று கூவிக்கொண்டு தெருத் தெருவாகப் போவாள். ஜப்பான்காரன் வந்து அரிசி மறைந்த பிறகு மரவள்ளி மாவில் பிழிந்து பார்த்தாள். அது நூல் நூலாக வராமல் கோந்தாக வந்தது. அதையும் விடாமல் கூடையில் வைத்து விற்றாள். வாங்கித் தின்றவர் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்பாள். வாயைத் திறக்க முடிந்தால்தானே குறை சொல்ல?

புருஷன் முகைதீன் அவளுக்கு நேர்மாறு. தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடை இருந்ததே தவிர அதில் சாமான் இல்லை. இருந்தாலும் தினமும் காலையில் பலகைகளை எடுத்து வைத்துக் கடையைத் திறப்பார், காலித் தட்டுகளைத் துணியால் துடைப்பார், உட்கார்ந்துகொள்வார். செம்பனை எண்ணெயும் சாம்பலும் கலந்து அவரே காய்ச்சிய சவுக்காரம் மட்டும் விற்பனைக்கு இருக்கும். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனுஷர். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் பீவியே பேசிவிடுவதால் அவருக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

இவர்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் கமலவேணி இருந்தாள், நகராட்சியில் மரம் வெட்டும் வேலையிலிருந்த தம்பிராஜாவின் மனைவி. பீவிக்குக் காசிம் பிறந்த அதே மாதத்தில் கமலவேணிக்குச் சீதா பிறந்தாள். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றால் வெயில் ஏறி இறங்கிவிடும். கைக்குழந்தையோடு நிற்க முடியுமா? அதனால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருத்தி இரண்டு வீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போவாள், மற்றவள் வீட்டில் இருந்து இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுப்பாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இங்கே எது ஊரார் பிள்ளை, எது தன் பிள்ளை என்பதே சில நாள் மறந்துபோகும்.

பீவிக்கு ஒரே தம்பி, ஹனீபா. அவளே தூக்கி வளர்த்த பிள்ளை. சைக்கிளில் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தான். கோதுமை மாவு நின்றதும் ரொட்டியும் நின்றது, கையில் கிடைத்த கூலி வேலையைச் செய்து வந்தான். கல்யாணம் ஆகி அப்போதுதான் சுல்தானாவுக்கு வாய்க்குமட்டல் ஆரம்பித்திருந்தது. ஒருநாள் சாமான் வாங்கப் பாசாருக்குப் போனவனைச் சிப்பாய்கள் மற்ற ஆண்களோடு சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிற வேலையாம், மூன்றே மாதமாம். சேதி கேட்டுத் தலைத்துணி நழுவ ஓடினாள் பீவி. லாரி நகர்ந்துவிட்டது. தம்பியின் முகம் மட்டும் பத்துப் பேர் தோளுக்கு நடுவே தெரிந்தது.

"லாத்தா, பொட்டப்புள்ள பொறந்தா ஒம் மவனுக்குத்தான். வேற எங்கயும் குடுத்துராத" என்று அவன் கத்தினான்.

அக்காவை லாத்தா என்பதும் அப்பாவை அத்தா என்பதும் அவர்கள் வழக்கம். பீவி ஓடிக்கொண்டே, சரி, சரி என்று கையை ஆட்டினாள். லாரி திரும்பிவிட்டது. அந்தச் சரி அவன் காதில் விழுந்ததா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் அல்லாவின் காதில் விழுந்திருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. மூன்று மாதம் போயிற்று, ஆறு மாதம் போயிற்று. சயாமிலிருந்து யாரும் திரும்பவில்லை. சுல்தானாவைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்ட பீவிக்கு, தம்பி என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு சொல்தான். அதைக் காப்பாற்றினால் அவனும் எங்கோ உயிரோடு இருப்பான் என்று ஒரு நினைப்பு அவள் மனதில் ஊறிப்போய்விட்டது. அறிவுக்குப் பொருந்தாத நினைப்புதான். ஆனாலும் அந்த நாட்களில் அவளை நிமிர்ந்து நடக்க வைத்தது அதுதான்.

சுல்தானாவுக்கு நோவு கண்டபோது பிள்ளை குறுக்கே கிடந்ததால் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கோ கடுங்காய்ச்சல். தாயை ஓர் அறையிலும் பிள்ளையை ஓர் அறையிலும் வைத்து, அங்கிருந்த நர்சுகள் பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரையும் கஞ்சித் தெளிவையும் கரண்டியில் புகட்டி உயிரைப் பிடித்து வைத்தார்கள். மருந்து இல்லை, டின் பால் என்ற பேச்சே இல்லை, படுக்கைக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறாள். காய்ச்சல் விட்டதும், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், பிள்ளையைத் தாயிடமே விடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வேறு என்ன செய்ய முடியும் அவர்களால்?

ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியபோது சுல்தானா காற்றில் ஆடுகிற கோரைப்புல்லாக இருந்தாள். பிள்ளை அதைவிட மோசம். மார்பில் போட்டால் ரெண்டு இழுப்பு இழுக்கும், ஒன்றும் வராது, அழும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பால் இருக்கிற வீட்டுப் பழமொழி. இந்தப் பிள்ளை அழுவதற்கே தெம்பில்லாமல் முனகியது. அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை பீவிக்கு. வாரி எடுத்து மடியில் கிடத்தி ரவிக்கையின் கொக்கியில் கை வைத்தாள்.

வாசலில் நின்ற முகைதீன் தொண்டையைச் செருமினார். அந்த வருஷத்து நாலு வார்த்தையில் ஒன்றை அன்றுதான் செலவழித்தார்.

"நில்லு. பால் குடுத்தா காசிமுக்குத் தங்கச்சியாயிரும்."

பீவியின் கை அப்படியே நின்றது. ஒருத்தியின் பாலைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள், வேறு வேறு வயிற்றில் பிறந்திருந்தாலும், கூடப்பிறந்தவர்களாகவே ஆகிவிடுவார்கள், அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. இது அவர்கள் மார்க்கத்துச் சட்டம், பீவிக்கும் தெரிந்ததுதான். அந்த நேரத்தில் மறந்திருந்தாள். பால் கொடுத்தால் தம்பிக்குச் சொன்ன சொல் போகும். கொடுக்காவிட்டால் தம்பியின் பிள்ளையே போகும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதையாக, பால் கட்டி வலிக்கிற மார்போடு பிள்ளையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் அவள்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கமலவேணி எழுந்து வந்தாள். பிள்ளையை வாங்கினாள், சுவரோரம் திரும்பி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மடக் மடக்கென்று ஒரு சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. முகைதீன் தெருப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சத்தத்தில் பீவிக்கு மூளை திரும்ப வேலை செய்ய ஆரம்பித்தது. அங்கேயே ஒரு பால் முறை போட்டுவிட்டாள். ஹனீபா மகள் ஜொகராவுக்குக் கமலவேணி பால் கொடுப்பது. கமலவேணிக்குப் பால் குறையுமல்லவா, அதற்குச் சீதாவுக்குப் பீவி கொடுப்பது. பிள்ளையும் பிழைக்கும், சம்பந்தமும் பிழைக்கும். பாம்பும் சாகணும், கம்பும் முறியக்கூடாது என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டாள். எல்லோரும் பீவியின் மூளையே மூளை என்றார்கள். வேறு மாதிரி சொல்ல யாருக்குத் தைரியம்?

ஆனால் கமலவேணி எத்தனை நாள் கொடுப்பாள்? சுல்தானாவுக்கு ஊற வேண்டும். அதற்குக் கம்போங் செட்டியிலிருந்து சந்திரமதி வந்தாள். சந்திரமதிக்குப் பீவி வயசுதான், நாலு பிள்ளைக்குத் தாய். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே வாழ்ந்து, பேச்சும் உடையும் மலாயாகிப்போன செட்டிமார் வீட்டுப் பெண். சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மாரியம்மனிடமே மலாயில்தான் வேண்டிக்கொள்வாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது சாமி பேரும் சாப்பாட்டுப் பேரும். சண்டைக்கு முன்னால் பீவியிடம் புட்டு மாயம் வாங்கின பழக்கம். சேதி கேள்விப்பட்டதும் யாரும் கூப்பிடாமலே ஒரு சட்டியும் ஒரு கருங்கல்லும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்தவள் முதலில் கேட்டது, இவளுக்குக் குடிக்க என்ன கொடுக்கிறீர்கள் என்று. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஆகாது, வயிறு வைத்துவிடும் என்று நாக்கு நனைகிற அளவுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள் பீவி. சந்திரமதி தலையில் அடித்துக்கொண்டாள். வற்றின கிணற்றில் வாளியை விட்டால் எப்படி வரும் என்று மலாயில் பிடித்து உலுக்கினாள். பீவிக்குச் சாதாரணமாக நல்ல மலாய் வரும், கோபம் வந்தால் மட்டும் தமிழ்தான் வரும். ஆகவே அந்த வாதத்தில் பீவி தோற்றாள் என்று சொல்ல முடியாது. அவள் என்ன சொன்னாள் என்பதே சந்திரமதிக்குப் புரியவில்லை. பீவி மூச்சு வாங்க நிறுத்தியபோது சுல்தானா ஒரு செம்பு சூடான மல்லித் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தாள். ‘மினும், மினும்’ என்று அடுத்த செம்பை நீட்டிக்கொண்டிருந்தாள் சந்திரமதி. குடி, குடி என்று அர்த்தம்.

அதன் பிறகு அந்த வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. சந்திரமதி காலையில் வந்து கருங்கல்லை அடுப்பில் சுட வைத்து, துணியில் சுற்றி, சுல்தானாவின் முதுகிலும் தோளிலும் ஒத்தி ஒத்தி எடுப்பாள். தேங்காய்ப்பாலில் வாழைப்பூவை வேகவைத்து, தின்று முடிக்கிற வரை பக்கத்தை விட்டு நகர மாட்டாள். தம்பிராஜா நகராட்சிக்கு மரம் வெட்டப் போன இடத்திலெல்லாம் முருங்கை மரத்தை மட்டும் வெட்டாமல், கீரையை உருவிக்கொண்டு வந்தார். முகைதீன் கடையைப் பாதி நாள் அடைத்துவிட்டு, சவுக்காரக் கட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு பண்டார் ஹிலிர் கடற்கரைக்கு நடப்பார். செம்படவர்களிடம் கொடுத்துப் பால்சுறா வாங்கி வருவார். வழியில் காவல் நிற்கிற சிப்பாய்க்கு இடுப்பை வளைத்துக் கும்பிடு போட வேண்டும். ஒருநாள் அப்படிக் குனிந்தபோது மேல்துணிக்குள் இருந்த சுறா வெளியே எட்டிப் பார்த்துவிட்டது. சிப்பாய் மீனைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். முகைதீன் பேசாமல் இரண்டு கையையும் தொட்டில் மாதிரி வைத்து ஆட்டிக் காட்டினார். சிப்பாய்க்குத் தன் ஊரில் யார் நினைவு வந்ததோ, போ என்று தலையை அசைத்துவிட்டான். அன்று வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டிய முகைதீனைப் பார்த்துச் சுல்தானா சிரித்தாள். ஹனீபா போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் பீவி ஆளுக்கொரு வேலை ஒதுக்கிக் கொடுத்திருந்தாள். ஒருத்தி துணி துவைக்க, ஒருத்தி ரேஷன் வரிசையில் நிற்க, ஒருத்தி வெறுமனே சுல்தானாவோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேச. கதை பேசுகிற வேலைக்குத்தான் போட்டி அதிகம். சுல்தானா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பிள்ளை வாயைத் திறக்கும்போதெல்லாம் முதலில் தன் மார்பில் போட வேண்டும். வந்தாலும் போட வேண்டும், வராவிட்டாலும் போட வேண்டும். பிள்ளை சலித்து அழத் தொடங்கினால் மட்டுமே கமலவேணியிடம் போகலாம். முதலில் ஒன்றும் வரவில்லை. வெட்கமும் வலியுமாகச் சுல்தானா தலையைத் திருப்பிக்கொள்வாள். எனக்குத்தான் இல்லையே, ஏன் லாத்தா என்னைப் படுத்துறீங்க என்று ஒருநாள் அழுதாள். உனக்கு இல்லை என்று யார் சொன்னது, அது வழி தெரியாமல் நிற்கிறது, பிள்ளை கூப்பிடக் கூப்பிட வரும் என்றாள் பீவி. அவளுக்கே உள்ளுக்குள் பயம்தான், ஆனால் அதைக் குரலில் காட்டுவாளா? பிறகு ஒரு மத்தியானம் பிள்ளையின் உதட்டோரத்தில் வெள்ளையாக ஒரு துளி நின்றது. கமலவேணி அதை விரலால் தொட்டு எல்லோருக்கும் காட்டினாள். தங்கக்காசு கிடைத்ததுபோல ஆளாளுக்கு வந்து அந்த விரலைப் பார்த்தார்கள்.

துளி துளியாக வந்துகொண்டிருந்ததே தவிர, பிள்ளையின் வயிறு நிறைய அது போதவில்லை. அந்த நேரம் பார்த்துக் கமலவேணிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பல் கிட்டித்துப் போர்வைக்குள் கிடந்தாள். அந்தக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரையை ஊரில் கண்ணால் பார்க்க முடியாது. சந்திரமதிக்குப் பால் வற்றி ஒரு வருஷம் ஆகிவிட்டது. காலையில் சுல்தானாவிடம் கிடைத்ததைக் குடித்துவிட்டு, மேலே கேட்டுக் கத்தியது ஜொகரா. முன்போல முனகல் இல்லை, நன்றாகத் தேறின பிள்ளையின் கத்தல். கத்தக் கத்தப் பீவியின் மார்பில் பால் தானாகக் கசிந்து ரவிக்கை நனைந்தது.

பீவி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். அங்கேதான் ஆலிம்சா இருந்தார். மார்க்கம் படித்தவர், நல்ல பொறுமைசாலி. அவரும் அந்தக் காலத்து எல்லோரையும்போல முற்றத்தில் உட்கார்ந்து மத்தியானத்துக்கு மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பீவி நின்றபடியே விஷயத்தைக் கொட்டினாள். சம்பந்தம் கெடாமல் எத்தனை தடவை வரை கொடுக்கலாம் என்று கேட்டாள். பாசாரில் விலை கேட்கிற தோரணையில்தான் கேட்டாள்.

ஐந்து தடவை என்றார் ஆலிம்சா. வயிறு நிறைய, தனித்தனியாக ஐந்து தடவை குடித்தால்தான் பால் உறவு. அதற்குக் குறைந்தால் ஒன்றும் இல்லை.

பீவிக்கு முகமெல்லாம் பல். அப்படியானால் நாலு தடவை தாராளமாகக் கொடுக்கலாமே, அதற்குள் கமலவேணிக்குக் காய்ச்சல் இறங்கிவிடுமே என்று கணக்குப் போட்டபடி திரும்பினாள். ஆலிம்சா சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல, இத்தனை நாளும் பிள்ளை யாரிடம் குடித்தது என்றார். கேட்கக் காத்திருந்தவள் மாதிரி பீவி தன் முறையை விவரமாகச் சொன்னாள், பாம்பு கம்பு எல்லாம் சேர்த்து. ஆலிம்சாவின் கத்தி நின்றது.

"அந்தப் பொண்ணு ஒம் மவனுக்கும் பால் குடுத்திருக்காளாம்மா?"

கொடுக்காமல் என்ன, தான் ரேஷன் வரிசைக்குப் போகிற நாளெல்லாம் காசிமுக்கு அவள்தானே, எத்தனை தடவை என்று யார் எண்ணினார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்த பீவியின் குரல் பாதியில் தேய்ந்தது. ஒரே மார்பு. காசிமும் அதில் குடித்தான், ஜொகராவும் அதில் குடித்தாள்.

"ஆலிம்சா, அவ அம்மங்கோயிலுக்குப் போறவ" என்றாள் கடைசி முயற்சியாக.

"சட்டம் பாலத்தாம்மா பாக்குது. குடுத்தவ எந்தக் கோயிலுக்குப் போறான்னு பாக்கல."

பீவி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்த மர முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தெருவே மெச்சிய மூளை. தன் பால் படக்கூடாது, படக்கூடாது என்று காத்துக்காத்து, அடுத்த வீட்டில் கொண்டுபோய்ச் சம்பந்தத்தைக் கரைத்துவிட்டு வந்திருக்கிறாள். கமலவேணியின் பாலும் பால்தான் என்று அவளுக்கோ முகைதீனுக்கோ அந்தத் தெருவில் வேறு யாருக்குமோ தோன்றவே இல்லையே. தம்பியின் முகம் லாரியில் தோள்களுக்கு நடுவே தெரிந்து மறைந்தது. சொல் போயிற்று. எந்த நாள் போயிற்று என்றுகூடத் தெரியாமல் போயிற்று. கண்ணில் நீர் முட்டியது.

அதற்குள் ஜொகராவுக்குப் பொறுமை போய்விட்டது. சட்டம் பேசுகிற இடமென்றும் பார்க்காமல் பீவியின் நனைந்த ரவிக்கையையே வாயால் பற்றி இழுத்தாள். அந்த இழுப்பில் பீவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? எழுந்து உள்ளே போனாள். ஆலிம்சாவின் மனைவி அடுப்படியில் பாய் விரித்துக் கொடுத்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இத்தனை நாள் ஏங்கிக் கிடந்த பாலைத் தம்பி மகளுக்குக் கொடுத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எத்தனை சந்தோஷத்தைத் தானே தனக்கு மறுத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நாலு தடவையாவது, ஐந்து தடவையாவது! கமலவேணி எழுந்து உட்காரும்வரை ஜொகராவுக்கும் காசிமுக்கும் சீதாவுக்குமாக மூன்று பேருக்கும் அவள்தான் கொடுத்தாள். மாடு தின்பதுபோல முருங்கைக் கீரையைத் தின்றாள்.

ஆனால் சுல்தானாவிடம் மட்டும் சொல்லவில்லை. பீவி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருப்பது வாயில் நெருப்பை வைத்திருப்பதற்குச் சமம். சுல்தானா எதிரே வந்தால் வேறு பக்கம் போவாள். சாப்பிடும்போது பேச மாட்டாள். என்ன உடம்புக்கு என்று சந்திரமதி கையைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு நாள் விடிந்ததும் சுல்தானாவின் கூப்பாடு கேட்டு எல்லோரும் ஓடினார்கள். அவள் படுத்திருந்த பாய் வரை பாலால் நனைந்திருந்தது. ஜொகரா ஒரு பக்கம் குடித்துக்கொண்டிருக்க, மறுபக்கம் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. சந்திரமதி மாரியம்மனையும் சுப்பிரமணியரையும் மலாயில் கூப்பிட்டு நன்றி சொன்னாள். கமலவேணி, இன்னும் நடுங்குகிற காலோடு வந்து நின்று, அப்பாடா எனக்கு விடுதலை என்றாள், சொல்லிவிட்டுத் தேம்பினாள். முகைதீன் அன்று கடை திறக்கவே இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் பீவியின் வாய்ப்பூட்டு கழன்றுவிட்டது. சுல்தானாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். இனிமேல் இவள் என் வீட்டுக்கு மருமகளாக வர முடியாது, உன் புருஷனுக்குச் சொன்ன சொல்லை நான் கெடுத்துவிட்டேன், அவன் வந்து கேட்டால் நான் எந்த முகத்தோடு நிற்பேன் என்றாள்.

சுல்தானா பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டாள். அதை இப்போது தானாகவே, யாரும் சொல்லாமலே செய்தாள்.

"வரட்டும் லாத்தா" என்றாள். "வந்து கேக்கட்டும்."

பீவி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகும் சில மாதம் வரை சயாம் போனவர்களைப் பற்றிச் சேதி இல்லை. பிறகு ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். அதற்குள் அரிசி மாவும் கண்ணில் பட ஆரம்பித்து, பீவி மறுபடி புட்டு மாயம் பிழியத் தொடங்கியிருந்தாள். தம்பி வந்தால் என்ன சொல்வது என்று பிழியும்போதெல்லாம் சொல்லிப் பார்ப்பாள். தினமும் சொல்லிப் பார்த்து அது ஓதல் மாதிரி மனப்பாடமாகிவிட்டது.

அவன் வந்தது ஒரு காலை வேளையில். எலும்பும் தோலுமாக, காலில் புண்ணுக்குக் கட்டிய கந்தலோடு வாசலில் ஓர் ஆள் நின்றான். பீவிக்குக் குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. மாவுக் கையோடு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கை விலகுவதற்கு முன்பே, உட்கார் என்றுகூடச் சொல்லாமல், மனப்பாடத்தை ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள். சொல்லைக் காப்பாற்றத்தான் பார்த்தேன் தம்பி, கமலவேணிக்கு அனுப்பினேன், அவள் பாலும் கணக்காகும் என்று எனக்குத் தெரியாது, ஆலிம்சா சொல்லித்தான் தெரிந்தது, பிறகு நானும் கொடுத்தேன், மருமகளாக்க முடியவில்லை, மகளாக்கிவிட்டேன், நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

ஹனீபா அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"லாத்தா" என்றான். "அப்ப, பொட்டப்புள்ளயா பொறந்திருக்கு?"

அதை யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. பிள்ளை பிறந்ததையே சொல்லியிருக்கவில்லை. பீவி அழுதுகொண்டே திரும்பி, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கமலவேணி கையால் காசிமோடும் சீதாவோடும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டாள்.

"ஜொகரா, இங்க வா புள்ள. ஒங்க அத்தா வந்துருக்காரு."